ஏழு மணி முதல் பத்தரை வரை

சின்னக்காவின் இரண்டு கைகளும் பேராசிரியையின் இடது காலில் இருந்தன. கால் நகம் வெட்டுவதைச் சில்லறை வேலை என்று நினைப்பவர்கள் எழுபத்தொன்பது வயதுக் காலைப் பார்த்திராதவர்கள். நகம் கொம்புபோலத் தடித்து வளைந்திருக்கும். இருபது நிமிடம் வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைக்காமல் கத்தரியை வைத்தால் தெறிக்கும், இல்லையென்றால் சதையோடு வரும். சின்னக்கா ஊறவைத்துத் துடைத்து, விரல் விரலாகப் பிரித்து, நேர்வெட்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். ஓரத்தை வளைத்து வெட்டினால் நகம் சதைக்குள் வளரும்.

"கட்டைவிரலை விட்டுடு. அதுல நமக்குள்ள ஒரு வழக்கு நிலுவையில இருக்கு," என்றார் பேராசிரியை, செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வழக்கு தள்ளுபடி ஆயிடுச்சு டீச்சரம்மா. காலை நீட்டுங்க."

வெள்ளிக்கிழமை, காலை எட்டேகால். வாசல் மணி அடித்தது. சின்னக்கா ஈரக்கையோடு போய்த் திறந்தாள். நீதிமன்றத்திலிருந்து ஓர் ஆள் உறையோடு நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தவர், வலது காலைப் பேசின் தண்ணீரில் வைத்து உட்கார்ந்திருந்த கிழவியைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "அவங்க கையெழுத்துப் போடுவாங்களா, கைநாட்டா?"

"ஊறுறது காலுதான் தம்பி, கை காய்ஞ்சுதான் இருக்கு. பேனாவைக் கொண்டா," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

கையெழுத்து நேராக, அடிக்கோட்டோடு விழுந்தது. முப்பத்தோரு வருடம் சட்டக் கல்லூரியில் பழங்காலச் சட்டங்களின் வரலாறு சொல்லிக்கொடுத்த கை அது. பேராசிரியை உறையைப் பிரித்து முழுவதும் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்னைப் பைத்தியம்னு சொல்ல நாள் குறிச்சாச்சு," என்றார்.

மனு போட்டிருந்தவர் அவருடைய அண்ணன் மகன். அத்தைக்குச் சித்தம் தெளிவாக இல்லை, திருமணமாகாதவர், நெருங்கிய உறவு நான் மட்டுமே, ஆகவே என்னைக் காப்பாளராக நியமிக்க வேண்டும் என்பது மனு. அடுத்த வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு நீதிமன்றம் நியமித்த ஆணையர், ஒரு பெண் வழக்கறிஞர், வீட்டுக்கே வந்து நேரில் பார்த்து அறிக்கை தருவார். அறிக்கை பாதகமாகப் போனால் அன்றிலிருந்து இந்த அடிக்கோட்டுக் கையெழுத்து வெறும் கிறுக்கல். எங்கே இருப்பது, யார் கவனிப்பது, எந்த மருத்துவரிடம் போவது, எல்லாமே அண்ணன் மகன் சொல்வதுதான். முதியோர் இல்லம் ஒன்றில் அவர் ஏற்கெனவே ஒரு கட்டிலுக்குச் சொல்லிவைத்திருந்தார்.

சின்னக்காவின் கண் 'மாலை நான்கு மணி' என்ற இடத்தில் சிக்கி நின்றது. பதினான்கு மாதங்களாக இந்த வீட்டில் தங்கி வேலை செய்கிறாள். அவளுக்குத் தெரிந்த ஒரே நிச்சயம் இது: காலை ஏழு முதல் பத்தரை வரை பேராசிரியைக்கு அறிவு கத்திபோல் இருக்கும். பதினொன்றுக்கு மேல் வார்த்தைகள் தேடும். பகல் தூக்கம் கழிந்து மூன்றரைக்கு விழிக்கும்போது வேறு யாரோ விழிப்பார்கள்.

"சிரிக்காம கேளு. எவ்வளவு பழைய மனு தெரியுமா இது?" என்றார் பேராசிரியை. "கிட்டத்தட்ட ரெண்டாயிரத்து ஐநூறு வருஷத்துக்கு முன்னால ரோமாபுரியில சட்டத்தைப் பன்னிரண்டு பலகையில எழுதிப் பொதுவுல வச்சாங்க. ஒருத்தனுக்குப் புத்தி பேதலிச்சா, அவன் மேலயும் அவன் சொத்து மேலயும் அதிகாரம் அப்பா வழியில நெருங்கின சொந்தத்துக்குன்னு அதுல இருக்கு. என் அண்ணன் மகன் அதைப் படிச்சவனே இல்ல. ஆனா அச்சுப் பிசகாம நடக்கிறான் பாரு."

"நான் எங்க சிரிச்சேன்? அப்போ அவர் சொன்னா சொன்னதுதானா?"

"ஆயிரம் வருஷம் அப்படித்தான் ஓடுச்சு. அப்புறம் ஒரு சக்கரவர்த்தி காலத்துல தெளிவா எழுதிவச்சாங்க. பேதலிச்ச புத்தி நடுவுல நடுவுல தெளியும். தெளிஞ்ச வேளையில அவன் செய்யறது செல்லும். காப்பாளன் பதவி போயிடாது, ஆனா அந்த நேரத்துக்கு வாயை மூடிக்கிட்டு ஓரமா உட்காரணும். இன்னிக்கு நம்ம ஒப்பந்தச் சட்டத்துலயும் அதுதான் இருக்கு. தெளிவா இருக்கிற நேரத்துல போட்ட கையெழுத்து கையெழுத்துதான். பலகை போய்க் காகிதம் வந்துச்சு, அவ்வளவுதான்."

பேசி முடித்து, ஆணையரின் அலுவலகத்துக்கு நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதினார்: என்னைக் காலையில் வந்து பாருங்கள். உறையை ஒட்டிக் கொடுத்தவர் ஒரு கணம் கையை எடுக்கவில்லை.

"சின்னக்கா, சாயங்காலம் நான் எப்படி இருப்பேன்?"

"ஏன் டீச்சரம்மா?"

"நீதான் சொல்லணும். நான் அங்க இருக்கிறதில்லயே."

சின்னக்கா மழுப்பத் தெரியாதவள். "என்னை ஹாஸ்டல் வார்டன்னு நினைப்பீங்க. திட்டுவீங்க. சில நாள் அழுவீங்க. ஸ்பூனை எல்லாம் தலையணைக்கு அடியில ஒளிச்சு வைப்பீங்க."

"ஸ்பூனையா? அதுக்கு என்ன காரணம் சொல்வேன்?"

"பரீட்சை முடியற வரைக்கும் யாருக்கும் சாப்பாடு கிடையாதுன்னு."

பேராசிரியை செய்தித்தாளை மடித்துவைத்தார். "நல்ல கண்டிப்புதான்," என்றார்.

அன்று மாலை நான்கு மணிக்கு அண்ணன் மகன் வழக்கம்போல் வந்தார். நாற்பத்தெட்டு வயது. குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர். விடியுமுன் வேலைக்குப் போய்ப் பிற்பகல் மூன்றரைக்கு விடுபடுகிறவர். வெயில் காலத்திலும் கையில் கம்பளிச் சட்டையோடு திரிவார். வாரம் மூன்று நாள் தவறாமல் வருவார். தவறாமல் அந்த நேரத்துக்கே வருவார்.

"விடைத்தாளை எங்கடா கொண்டு போனே?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "நாற்பத்திரண்டு தாள். கட்டு பிரிஞ்சிருக்கு. வார்டன், இவனை வெளியே அனுப்பு!"

"அத்தை, நான்தான்."

"எல்லாத் திருடனும் அதைத்தான் சொல்வான்."

அவர் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுச் சமையலறைக்கு வந்து சின்னக்கா கொடுத்த காபியைக் கையில் வாங்கினார். குடிக்கவில்லை.

"நான் ராட்சசன் இல்ல சின்னக்கா. ரெண்டு மாசம் முன்னால பஸ் ஸ்டாப்புல நைட்டியோட நின்னவங்களை நான்தான் கூட்டிட்டு வந்தேன். கிளாஸுக்கு நேரமாச்சுன்னு கண்டக்டரோட சண்டை. நீங்க குளிக்கப் போன அஞ்சு நிமிஷம். உங்களைக் குத்தம் சொல்லல. நாளைக்கு அவங்க ரோட்டுல இறங்கிட்டா?"

"காலையில ஒருநாள் வந்து பாருங்க சார். லீவு போட்டுட்டு வாங்க."

"நீங்களும் காலை காலைங்கிறீங்க. நான் கண்ணால பார்க்கிறது இதைத்தானே? பார்த்ததை விட்டுட்டு நீங்க எழுதி வைக்கிற நோட்டை நம்பணுமா?"

அந்த நோட்டு வந்த வழி நீளமானது.

இருபத்திரண்டு வயதில் அவள் மனநல மருத்துவமனையில் வார்டு உதவியாளராகச் சேர்ந்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு பெரியக்கா இருந்ததால் இவள் சின்னக்கா ஆனாள். பெரியக்கா ஓய்வுபெற்ற பிறகும் பெயர் மாறவில்லை. சேர்ந்த இரண்டாம் மாதம், கணவனின் தம்பிகள் இருவர் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வந்தது மாலை, ஊசி போட்ட மயக்கத்தில். 'எந்நேரமும் சுயநினைவின்றி இருக்கிறார்' என்ற தாளில் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று சின்னக்காவிடம் நீட்டினார்கள். அவள் பார்த்தது ஒரு மாலைதான். 'எந்நேரமும்' என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். அந்தப் பெண் ஒன்பது வருடம் உள்ளே இருந்தாள். மருத்துவமனைச் சமையலறையில் காய் நறுக்குவாள், முந்நூறு பேருக்கு உப்பு அளவு மனக்கணக்காகச் சொல்வாள். ஒரு நாளும் தவறியதில்லை. ஒருமுறை சின்னக்காவைக் கேட்டாள்: "எந்நேரமும்னு எழுதினீங்களாமே. எந்நேரமும் என்கூட இருந்தீங்களா?"

சின்னக்கா அழவில்லை, வேலையை விடவும் இல்லை. மறுநாள் ஒரு நோட்டு வாங்கினாள். அதன்பிறகு, மருத்துவமனையிலும் பின்னர் வேலைக்குப் போன வீடுகளிலும், யாரைப் பற்றி எழுதினாலும் மணி போட்டுத்தான் எழுதுவாள். காலை 7.10, பெயர் சொன்னார், கிழமை சொன்னார். 9.00, மலம் சரி. மாலை 4.30, என்னைத் தன் அம்மா என்றார். நல்லதும் கெட்டதும் ஒரே மையில். இந்த வீட்டுக்கு மட்டும் இதுவரை மூன்று நோட்டு ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அரைநாள் விடுமுறை. வீட்டுக்குப் போனாள். அவள் கணவர் லாரி மெக்கானிக். வாசலில் உட்கார்ந்து கை மசியைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"உனக்கு எதுக்கு இந்த வம்பு? நீ பார்க்க வேண்டியது அந்தம்மா காலையும் கையையும். புத்தியை கோர்ட்டு பார்த்துக்கும்."

"கோர்ட்டு நாலு மணிக்கு வருதுங்க. அங்கதான் உதைக்குது."

"அப்போ நாலு மணிக்கு ஸ்டார்ட் ஆகிற மாதிரி வண்டியைத் தயார் பண்ணு."

விளையாட்டுக்குச் சொன்னார். சின்னக்கா பேருந்தில் திரும்பும்போது வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலை ஆணையரின் அலுவலகத்திலிருந்து தொலைபேசி. மேடத்துக்குக் காலை முழுக்க நீதிமன்றம், நான்கு மணிதான் முடியும், அப்போது தெளிவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்வார்கள். பேராசிரியை கேட்டுவிட்டுத் தோளைக் குலுக்கினார். "வரட்டும். நோட்டு இருக்கில்ல, அதைக் காட்டு. போதும்."

போதாது என்று சின்னக்காவுக்குத் தோன்றியது. கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு நோட்டை நம்புவார்களா? பயிற்சியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: முதிய மூளை மணி பார்ப்பதில்லை, வெளிச்சம், குளியல், முதல் கவளம் இவற்றை வைத்துத்தான் நாள் தொடங்கியது என்று அறிகிறது. அப்படியானால் வெளிச்சத்தையும் குளியலையும் நகர்த்தினால் காலையும் நகராதா? செவ்வாய் முதல் மூன்று நாள் போதுமா? மாத்திரையைத் தொடவே மாட்டாள். அது மருத்துவர் வேலை. திரையையும் வாளியையும் நகர்த்த யாரைக் கேட்க வேண்டும்?

யாரையும் கேட்கவில்லை. அதுதான் அவள் செய்த தப்பு.

செவ்வாய்க்கிழமை தடித்த திரைகளைத் திறக்காமல் விட்டாள். ஏழு மணிக்கு விழித்த பேராசிரியையிடம், "இன்னும் விடியல, தூங்குங்க," என்றாள். பகல் ஒன்றரைக்குத் திரை விலகியது, இரண்டுக்குக் குளியல். மாலை நான்குக்கு வெறும் சோர்வுதான் இருந்தது. பரவாயில்லை, முதல் நாள்தானே என்று தேற்றிக்கொண்டாள். ஆனாலும் நோட்டை எடுத்ததும் கை தானாக எழுதியது: 'காலை 7.00, திரை திறக்கவில்லை. விடியவில்லை என்று பொய் சொன்னேன்.'

புதன்கிழமை ஒன்பது மணிக்கு இருட்டறையில் பேராசிரியை எழுந்து உட்கார்ந்திருந்தார். சின்னக்காவை நெடுநேரம் பார்த்தார்.

"நீ யாரும்மா?"

பதினான்கு மாதத்தில் காலையில் அந்தக் கேள்வி வந்ததே இல்லை. சின்னக்கா ஓடிப்போய்த் திரையை இழுத்துத் திறந்தாள். வெளிச்சம் வந்தது, ஆள் வரவில்லை. அன்று முழுவதும், காலை மாலை என்ற பேதமில்லாமல், விடைத்தாளும் வார்டனும்தான். காலையை மாலைக்குக் கொண்டுபோக நினைத்தவள், இருந்த காலையையும் தொலைத்துவிட்டாள். வியாழன் விடிந்தும் அது திரும்பவில்லை.

வியாழக்கிழமை நான்கு மணிக்கு ஆணையர் வந்தார். நாற்பது வயதிருக்கும், கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பேனாவைக் கடித்தபடி அறையை ஒருமுறை பார்த்தார். அண்ணன் மகன் சுவரோரம் நின்றார்.

"அம்மா, இன்னிக்கு என்ன கிழமை?"

"வராதவங்க பேரை முதல்ல சொல்லு."

"இவர் யாருன்னு தெரியுதா?"

"பியூன்."

அண்ணன் மகன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை என்பதைச் சின்னக்கா கவனித்தாள். இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆணையர் இன்னும் ஏழு கேள்வி கேட்டார். ஏழாவது கேள்விக்குப் பேராசிரியை, "வீட்டுக்குப் போகணும்," என்று சொந்த வீட்டில் உட்கார்ந்து அழுதார். ஆணையர் தாளில் இரண்டு வரி எழுதி, கீழே கோடு போடப் பேனாவைச் சாய்த்தார்.

"மேடம், ஒரு நிமிஷம். நோட்டு இருக்கு," என்றாள் சின்னக்கா.

"எடுத்துட்டு வாங்க."

அலமாரிக்கு நடந்த எட்டு அடியில் அவள் நிறைய யோசித்தாள். மூன்றாவது நோட்டு கம்பிச்சுருள் போட்டது. கடைசி இரண்டு தாளை இழுத்தால் தடமே தெரியாமல் வந்துவிடும். செவ்வாயும் புதனும் வியாழனும் இல்லாத நோட்டில் பதினான்கு மாதக் காலைகள் பளிச்சென்று இருக்கும். 'ரெண்டு மூணு நாளா எழுத நேரமில்ல' என்று ஒரு வார்த்தை போதும். அலமாரிக் கதவு அவளை மறைத்தது. விரல் கம்பியில் பட்டது. எந்நேரமும்னு எழுதினீங்களாமே.

நோட்டு மூன்றையும் முழுசாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

ஆணையர் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை என்று சொல்லவைத்துவிட்டு, முதல் நோட்டிலிருந்து புரட்டினார். பேராசிரியை ஒரு ஸ்பூனைச் சேலை மடிப்பில் செருகிக்கொண்டிருந்தார். மூன்றாவது நோட்டின் கடைசிக்கு வந்ததும் ஆணையரின் விரல் நின்றது.

"விடியலன்னு பொய் சொன்னேன்னு எழுதியிருக்கீங்க. இது என்ன?"

"நான்தான் மேடம். நீங்க நாலு மணிக்கு வர்றீங்கன்னு அவங்க காலையை நாலு மணிக்கு நகர்த்தப் பார்த்தேன். நகரல. கெட்டுப்போச்சு."

"யார் சொல்லிச் செய்தீங்க?"

"யாரும் சொல்லல. என் மூளைதான்."

"சாட்சியைத் தயார் பண்ணுறதுன்னு இதுக்குப் பேரு. தெரியுமா? நான் அறிக்கையில எழுதினா இனிமே உங்களை எந்த வீட்டுலயும் வேலைக்கு வைக்க மாட்டாங்க."

"தெரியும் மேடம். எழுதுங்க. ஆனா அவங்க இன்னிக்கு இருக்கிற நிலைமைக்குப் பாதிக்காரணம் நான். அந்தப் பாதியை அவங்க தலையில எழுதாதீங்க."

அண்ணன் மகன் முதல்முறையாகச் சுவரைவிட்டு நகர்ந்தார். "நீங்களா? சின்னக்கா, நீங்களா இப்படி?"

"நான்தான் சார்."

ஆணையர் மறுபடி முதல் நோட்டைத் திறந்தார். இப்போது வேறு விதமாகப் படித்தார், விரல் வைத்து, வரிவரியாக. நெடுநேரம் கழித்து, யாரிடம் பேசுகிறார் என்று தெரியாத குரலில் சொன்னார்: "தனக்கு எதிராத் தானே எழுதி வச்சதை, யாரும் சும்மா எழுத மாட்டாங்கன்னு சட்டம் ரொம்ப காலமா நம்புது. இந்தக் கடைசிப் பக்கம் இல்லன்னா மத்த பக்கத்தை நான் நம்பியிருக்க மாட்டேன்." பேனாவை மூடினார். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வர்றேன். கோர்ட்டுக்கு லேட்டாப் போறேன்னு சொல்லிக்கிறேன். சார், நீங்களும் லீவு போட்டுட்டு வாங்க. சின்னக்கா, நீங்க எதையும் நகர்த்தக் கூடாது. ஒரு ஸ்டூலைக்கூட."

அவர் போன பிறகு சின்னக்கா பேராசிரியைக்குக் கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்து, படுக்கவைத்தாள். மூன்று நாளாகக் கலைந்தது ஒரே விடியலில் கூடிவருமா? அவளுக்குத் தெரியாது. எந்த மருத்துவராலும் அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

மறுநாள் ஆறு மணிக்குத் திரைகளை முழுசாகத் திறந்தாள். ஏழு மணிக்குப் பேராசிரியை கண் விழித்து, "இது எந்த ஊர் ரயில்?" என்றார். சின்னக்கா பதில் சொல்லாமல் முகம் கழுவவைத்தாள். ஏழரைக்குக் குளியல். முதுகில் நீர் விழும்போது வழக்கமாக வரும் முணுமுணுப்பு வரவில்லை. எட்டுக்கு ஆணையரும் அண்ணன் மகனும் வந்து உட்கார்ந்தார்கள். எட்டேகால் வரை பேராசிரியை தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆணையர் பேனாவைக் கடித்தபடி ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். சின்னக்கா கதவோரம் நின்று முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள், காய்ந்த முந்தானையை.

"அந்தப் பேனாவைக் கடிக்காதேம்மா. உதட்டுல மை ஒட்டியிருக்கு," என்றார் பேராசிரியை.

ஆணையர் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். நீலமாக வந்தது.

"நீ வழக்கறிஞர். அப்படித்தானே? கோட்டு அதைத்தான் சொல்லுது. வியாழக்கிழமை வரேன்னு எழுதியிருந்தீங்க." நெற்றியைச் சுருக்கினார். "இன்னிக்கு வியாழனா வெள்ளியா? எனக்கு எண்ணிக்கை தவறியிருக்கு. நாலஞ்சு நாளா ஏதோ சரியில்ல. கண்ணாடியைக் கொடு சின்னக்கா. ஏன் சரியில்ல?"

கண்ணாடியைக் கொடுத்த கையோடு சின்னக்கா எல்லாவற்றையும் சொன்னாள். சுருக்கமாக, மணி போட்டு.

பேராசிரியை குறுக்கிடாமல் கேட்டார். "என்னைக் கேட்டியா?"

"இல்ல டீச்சரம்மா."

"தினம் காலையில ஏழுலேர்ந்து இங்கதானே உட்கார்ந்திருக்கேன்? கேட்டா என்ன?"

"பயந்துட்டேன்."

"அவனும் பயந்துதான் மனு போட்டான். ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? அவன் கோர்ட்டையாவது கேட்டான். ரெண்டு நாள் நீ எனக்குக் காப்பாளரா இருந்திருக்கே, நீதிபதி இல்லாம, மனு இல்லாம." குரல் உயரவே இல்லை, அதுதான் உறைத்தது. சின்னக்கா தலையைக் குனியவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. "ஆமா," என்று மட்டும் சொன்னாள்.

ஆணையர் கேள்விகளைக் கேட்டார். கிழமை தவிர எல்லாவற்றுக்கும் பதில் சரியாக வந்தது. இரண்டு கேள்வியைப் பேராசிரியை திருத்தியும் கொடுத்தார். அண்ணன் மகன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். இப்படி ஒரு அத்தையைப் பார்த்து அவருக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"இப்போ நான் சொல்றதை எழுதிக்கோ," என்றார் பேராசிரியை. "மத்தியானத்துக்கு மேல எனக்கு ஒரு காப்பாளர் வேணும். நான் மறுக்கல. பஸ் ஸ்டாப் கதையைச் சின்னக்கா சொல்லியிருக்கா. ஆனா சாயங்காலம் யாரும் என்கிட்ட கையெழுத்து வாங்கக் கூடாது, எனக்குப் பதிலாகவும் போடக் கூடாது. எதுவா இருந்தாலும் மறுநாள் காலை வரைக்கும் காத்திருக்கணும். இந்த வீட்டைவிட்டு எங்கேயும் போறதில்ல. வழக்கத்துல எதை மாத்தினாலும் காலையில என்னைக் கேட்டு, நான் எழுதிக் கொடுத்த பிறகுதான். அது சின்னக்காவுக்கு."

"காப்பாளர் யாரும்மா?"

"இவன்தான்."

அண்ணன் மகன் நிமிர்ந்தார். "நானா? அத்தை, நான்தானே உங்க மேல…"

"ஆமாடா, நீதான். அந்தப் பன்னிரண்டு பலகைக்காரங்க நெருங்கின சொந்தத்துக்கு அதிகாரத்தைக் கொடுத்தாங்க. யார் தூக்கணும், யார் துடைக்கணும்னு எழுத மறந்துட்டாங்க. அதை நான் சேர்க்கிறேன். நாலு மணிக்கு வந்து காபியைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறியாமே, அதுக்குப் பேர் காப்பாளர் இல்ல. வர்ற நாள்ல பெட்பேன் உன்னோடது. சம்மதம்னா எழுதச் சொல்லு. இல்லன்னா உன் மனுவை நடத்து, நான் தினம் காலையில கோர்ட்டுக்கு வர்றேன்."

"நீதிபதி இப்படி ஏத்துக்குவாரான்னு தெரியலம்மா," என்றார் ஆணையர்.

"கேக்கிறது என் வேலை. கொடுக்கிறது அவர் வேலை."

அண்ணன் மகன் கம்பளிச் சட்டையை மடியில் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டினார். "இல்லத்துல கட்டில் வேண்டாம்னு சொல்லிடறேன்," என்றார் கடைசியில். ஆணையர் அதையும் சேர்த்து எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நீதிமன்றத்துக்கு ஓடினார்.

உத்தரவு வருகிறபோது வரட்டும், தூக்கிவிடும் வேலை அதுவரை காத்திருக்காது என்று சின்னக்கா அங்கேயே பாடத்தைத் தொடங்கினாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது முதலில். அண்ணன் மகன் அத்தையின் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தார்.

"இழுக்காதீங்க சார், தோள் கழண்டுடும். கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. முதுகைக் குனியாதீங்க, முட்டியை மடக்குங்க. அவங்க பாதம் தரையில பதிஞ்சிருக்கா பாருங்க. அவங்க இடுப்புல கட்டியிருக்கிற பட்டையைப் பிடிச்சு, மூணு எண்ணித் தூக்குங்க."

"பெட்டி தூக்கற மாதிரி தூக்கறான்," என்றார் பேராசிரியை. "மேல 'உடையும் பொருள்'னு எழுதி ஒட்டு."

நான்காவது முறை சரியாக வந்தது. சின்னக்கா அண்ணன் மகனைக் குளியலறைக்கு அழைத்துப்போய்ப் பெட்பேனைக் கையில் கொடுத்தாள். முதலில் குளிர்ந்த நீர், பிறகுதான் சோப்பு. வெந்நீரை முதலில் ஊற்றினால் நாற்றம் ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னாள். அவர் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துக்கொண்டு குழாயைத் திறந்தார்.